கூப்பிய கையிலிருந்து நீட்டிய விரல் வரை: நவீனக் கலையின் தலைமுறைக் கதையில் நாம் எங்கே?



நவீன இந்தியக் கலையின் வரலாற்றை ஒரு குடும்ப வம்சாவளியைப் போலத்தான் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். முதல் தலைமுறை ரவிவர்மா. அவரை மறுத்து எழுந்த இரண்டாம் தலைமுறை அபனீந்திரநாத் தாகூரின் வங்காளப் பாணி. 1947-ல் பம்பாயில் சூசா, ரசா, உசேன் எனக் கூடிய முற்போக்குக் கலைஞர்கள் குழு மூன்றாவது. தமிழ்நாட்டுக்கென்று தனியாக ஒரு கிளை: தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர், பணிக்கரும் அவருடைய மாணவர்களும் குடியேறிய சோழமண்டலம். அதற்குப் பிறகு வருவதெல்லாம் 'சமகாலக் கலை'. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளும் இதே வரிசையைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். தாத்தா, அப்பா, மகன், பேரன்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் மாணவத் தோழர்களோடு உட்கார்ந்து பேசும்போது நாம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். இந்த வம்சாவளியில் சேரி எங்கே இருக்கிறது?

'இல்லவே இல்லை' என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அது உண்மையில்லை. சேரி எல்லாத் தலைமுறையிலும் இருக்கிறது. தோலாக, மண்ணாக, கூலி உழைப்பாக, ஓவியருக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்த உடலாக, விருது வாங்கித் தந்த கருப்பொருளாக இருக்கிறது. பெயராக மட்டும் இல்லை. பெயரோடு நிற்கிற ஒரு தலைமுறை இப்போது வந்துவிட்டது. அதைக் கலை வரலாறு தானாகக் கணக்கில் எடுக்கும் என்று காத்திருக்கப் போகிறோமா, நாமே எழுதப் போகிறோமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

தோல் யாருடையது?

சிதம்பரத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. 'இந்தியக் கலை' என்று உலகம் சொன்னால் அதற்கு அடையாளமாக வந்து நிற்பது நடராசர். ஆனந்த குமாரசாமி சிவ நடனத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1918-ல் நியூயார்க்கில் நூலாக வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் நடராசரைப் பற்றி பிரெஞ்சுச் சிற்பி ரோதான் எழுதியது 1921-ல் அச்சானது. 2004-ல் ஜெனீவாவில் இருக்கும் அணு ஆய்வு மையத்துக்கு இந்திய அரசு நடராசர் சிலையைப் பரிசளித்தது. 2023-ல் ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தின் முன்னால் 27 அடி உயர நடராசர் நிறுத்தப்பட்டார். அதை வார்த்தது சுவாமிமலை. அதற்கு மாதிரியாக எடுத்துக்கொண்ட மூன்று நடராசர்களில் தில்லை நடராசரும் ஒருவர்.

அந்தச் சிலையின் அழகை நாம் மறுக்கவில்லை. அதே தில்லையோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு பெயரைத்தான் நினைவூட்டுகிறோம். நந்தனார். பெரியபுராணத்தில் அவருடைய தொழில் என்னவென்று பாருங்கள். கோயில் பேரிகைகளுக்குப் போர்த்தும் தோலும் இழுத்துக் கட்டும் வாரும் கொடுத்தவர். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தவர். பூசைக்குக் கோரோசனை கொடுத்தவர். அதாவது கோயிலின் இசைக்கு மூலப்பொருள் கொடுத்தவர். அந்தத் தோல் உள்ளே போகலாம். அந்த நரம்பு உள்ளே போகலாம். கொடுத்த ஆள் மட்டும் தீயில் இறங்கி, பூணூலோடு வேறு ஆளாக எழுந்து வந்தால்தான் போக முடியும்.

கலைக்கும் சாதிக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் கதை நமக்குத் தெரிந்து இல்லை. பொருளை வாங்கிக்கொள், ஆளை வெளியே நிறுத்து. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி நந்தனாரைக் கீர்த்தனையாக்கினார். 1935-லும் 1942-லும் நந்தனார் திரைப்படமானார். எல்லாவற்றிலும் நமக்குப் பழக்கமான உருவம் ஒன்றுதான்: கோபுரத்தைப் பார்த்தபடி கை கூப்பி நிற்கும் மனிதர். நம்மைப் பற்றிப் பிறர் வரைந்த முதல் பெரிய உருவம் அந்தக் கூப்பிய கை.

அந்தப் பெயரை வேறு விதமாகப் பயன்படுத்தியவர் சுவாமி சகஜானந்தர். அவர் 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். தீக்குழியின் இடத்தில் பள்ளிக்கூடத்தை வைத்தார். நந்தனார் உருவத்தின் மீது நம் தரப்பிலிருந்து செய்யப்பட்ட முதல் திருத்தங்களில் ஒன்றாக நாம் அதைப் பார்க்கிறோம்.

அச்சில் வந்த கடவுள், கல்லூரியில் வந்த வேர்

ரவிவர்மாவுக்கு வருவோம். 1894-ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து வண்ண அச்சுப் படங்கள் நாடெங்கும் போயின. கோயிலுக்குள் விடப்படாதவர்களின் வீட்டுச் சுவருக்கும் அதனால்தான் கடவுள் வந்தார் என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். சரி, வந்தார். எந்த முகத்தோடு வந்தார்? வெளுத்த நிறம், பட்டுச் சேலை, நகை, உயர்குடிப் பெண்ணின் சாயல். கோயிலுக்குப் போகும் வழி அப்படியே அடைபட்டுக் கிடக்க, அழகென்றால் வெளுப்பு என்ற பாடம் மட்டும் நம் வீட்டுக்குள் இலவசமாக வந்து சேர்ந்தது. காலண்டர் படம் முதல் சினிமா நாயகி வரை அந்தப் பாடம் இன்றும் நடக்கிறது. கருத்த பிள்ளைகளைப் பெற்ற நம் தாய்மார்கள் கடைகளில் களிம்பு வாங்குவதற்கும் இந்த அழகியலுக்கும் உறவில்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்து சென்னை. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. தொடக்கத்தில் அதன் நோக்கம் கைவினைஞர்களைப் பயிற்றுவிப்பது. மண்பாண்டம், உலோகம், மரவேலை. காலப்போக்கில் 'கைவினை' கீழே போனது, 'கலை' மேலே வந்தது. கையால் செய்வது தாழ்ந்தது, கருத்தால் செய்வது உயர்ந்தது என்ற பிரிவினை எங்கிருந்து வந்தது என்று சமூகவியல் படிக்கும் தோழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருணத்தின் ஏணியை ஓவியக் கல்லூரிக்குள்ளும் சாத்தி வைத்தார்கள்.

1929-ல் அந்தப் பள்ளியின் தலைமைக்கு வந்த முதல் இந்தியர் ராய் சௌத்ரி. மெரினாவில் 1959-ல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை அவருடையது. நான்கு பேர் பாறையை நெம்புகிறார்கள். மே தினம் என்றால் நாமும் அங்கேதான் போய் நிற்கிறோம். அது நல்ல சிலை, நமக்குப் பிடித்த சிலை. ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. உழைப்பாளிக்குத் தசை இருக்கிறது, சாதி இல்லை. இந்த நாட்டில் சாதி இல்லாத உழைப்பாளி எந்த ஊரில் இருக்கிறார்? பாறை தூக்குபவர் யார், மலக்குழியில் இறங்குபவர் யார், பிணம் எரிப்பவர் யார் என்பதைப் பிறப்பு முடிவு செய்கிற ஒரு சமூகத்தில் 'உழைப்பாளி' என்ற பொதுச்சொல் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. தொழிலாளர்களையும் படிநிலைப்படுத்திப் பிரித்து வைப்பதே சாதி என்று பாபாசாகேப் சொன்னது அந்த மீதிப் பாதி.

1957-ல் பணிக்கர் முதல்வரானார். 1966-ல் அவரும் மற்ற ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். அரசையோ பணக்காரரையோ நம்பாமல், கைவினைப் பொருள்கள் செய்து விற்று, நிலம் வாங்கி, கூட்டாக வாழ்ந்த அந்த முயற்சி பெரிய விஷயம். மேற்கைப் பார்த்து வரைவதை விட்டு நம் மண்ணின் வேரைத் தேடுவோம் என்பது அவர்கள் முழக்கம். எங்கே தேடினார்கள்? பணிக்கர் 1963-லிருந்து வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பாருங்கள்: ஏட்டு எழுத்து, சாதகக் கட்டம், சோதிடக் குறி. ஹரிதாசனிடம் தாந்திரிகச் சக்கரம். ஜானகிராமிடம் தெய்வ உருவங்கள். சுல்தான் அலி மட்டும் பழங்குடி உருவங்களின் பக்கம் போனார், அதையும் சொல்லத்தான் வேண்டும். தனபால் பெரியாரை நேரில் உட்காரவைத்துச் சிலை செய்தார், அதையும் சொல்கிறோம். ஆனால் மொத்தமாகப் பார்த்தால், வேரைத் தேடிப் போனவர்கள் பெரும்பாலும் கோயிலுக்கும் ஏட்டுக்கும் சாதகத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். எழுத்து மறுக்கப்பட்ட ஒரு மக்கள் கூட்டத்துக்கு ஏட்டுச் சுவடி எப்படி வேராகும்? சாதகக் கட்டம் யாரைச் சேர்க்கவும் யாரை ஒதுக்கவும் பயன்படுகிறது என்று நமக்குத் தெரியாதா? 'மண்ணின் வேர்' என்றபோது மண்ணில் நின்றவர்களை அவர்கள் பார்க்கவில்லை.

ஒரு தேதியை நினைவில் வையுங்கள். 1968 டிசம்பர் 25. கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காகக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்ட நாள். அப்போது ஓவியர் கிராமத்துக்கு வயது இரண்டு. சோழமண்டலம் என்ற பெயர் எந்த நிலத்துக்கு உரியதோ, அந்த நிலத்தில்தான் கீழ்வெண்மணி இருக்கிறது. சோழர் பெயர் வேண்டியிருந்தது, சோழநாட்டுச் சேரி எரிந்தது ஓவியத்துக்குப் பொருளாகவில்லை. அந்தத் தலைமுறையின் புகழ்பெற்ற ஓவியங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு வெண்மணியைத் தேடிப் பாருங்கள், தோழர்களே. தேடிவிட்டு வந்து பேசுவோம்.

'ஓவியன் செய்தியாளன் அல்ல' என்று பதில் வரும். 1943 வங்கப் பஞ்சத்தின்போது சித்தபிரசாத் மிதுனாப்பூருக்கு நடந்து போய், செத்துக்கொண்டிருந்த மக்களை வரைந்து, குறிப்பெழுதி, அதே ஆண்டில் 'பசித்த வங்கம்' என்று வெளியிட்டார். பிரிட்டிஷ் அரசு பிரதிகளைப் பறித்து அழித்தது. சைனுல் ஆபிதின் அதே பஞ்சத்தை வரைந்தார். சோம்நாத் ஹோர் தேபாகா விவசாயிகளின் எழுச்சியை வரைந்தார். ஆக, அது நவீனக் கலைக்குத் தெரியாத வேலையல்ல. யாருடைய சாவு ஓவியமாகத் தகுதி பெறுகிறது என்பதில்தான் பிரச்சினை.

'கலைக்குச் சாதி கிடையாது'

இந்த வசனத்தைக் கேட்காத தோழர் இருக்க முடியாது. சொல்பவர்கள் உடனே ராம்கிங்கர் பெய்ஜை எடுத்துக் காட்டுவார்கள். பாங்குராவில் முடிதிருத்தும் குடும்பத்தில் பிறந்தவர், சாந்திநிகேதனில் 1938-ல் 'சந்தால் குடும்பம்' சிற்பத்தைச் செய்தவர், இந்திய நவீனச் சிற்பத்தின் தொடக்கப் புள்ளி. உண்மை. வெண்கலத்துக்குப் போகாமல் செம்புறைக் கற்களையும் சிமென்டையும் வைத்து அவர் செய்த அந்தச் சிற்பத்தில் ஒரு பழங்குடிக் குடும்பம் யாரையும் கும்பிடாமல் நடந்து போகிறது. நமக்கு அவர் முன்னோடி. ஆனால் வாசலில் ஒருவர் நுழைந்துவிட்டதைக் காட்டி வாசல் திறந்துதான் இருந்தது என்று வாதிட முடியாது. நந்தனார் உள்ளே போனார் என்பதற்காகத் தில்லையின் வாசல் நமக்குத் திறந்திருந்ததா?

சந்தையையும் பாருங்கள். உசேன் 1954-ல் வரைந்த 'கிராம யாத்திரை' 2025 மார்ச்சில் நியூயார்க்கில் 1.37 கோடி டாலருக்கு மேல், நம் பணத்தில் சுமார் 118 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. பதின்மூன்று காட்சிகளில் இந்தியக் கிராமம். கிராமத்தை 'அறியாமையின் குகை' என்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொல்லி ஆறாவது ஆண்டில் வரையப்பட்ட படம். உசேன் மீது நமக்குக் கோபமில்லை. இந்துத்துவக் கும்பல் விரட்டி, நாட்டை விட்டுப் போய் வெளிநாட்டில் இறந்த கலைஞர் அவர். நாம் கேட்பது வேறு. கிராமத்தின் படத்துக்கு 118 கோடி. அந்தக் கிராமத்துக்கு வெளியே இருக்கும் சேரியின் பிள்ளை அந்தக் கலையைப் படிக்க எங்கே போவது?

இதற்குப் பதில் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. கடலூர் மாவட்டத்துப் பிள்ளை அரசுக் கல்லூரியில் ஓவியம் படிக்க வேண்டுமானால் கும்பகோணம் போக வேண்டும், சென்னை போக வேண்டும், அல்லது புதுச்சேரிப் பல்கலைக்கூடத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் பள்ளியில் யாராவது பென்சில் பிடிக்கக் கற்றுத்தர வேண்டும். 2012-ல் தமிழக அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கென்று 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக நியமித்தார்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய். அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தது. அவர்கள் இன்னும் பணி நிரந்தரம் கேட்டுச் சாலையில் உட்கார்ந்து கொண்டிருக்கிறார்கள். தனியார் பள்ளிப் பிள்ளைக்கு முழுநேர ஓவிய ஆசிரியர், கோடை முகாம், அக்ரிலிக் வண்ணம். நம் பிள்ளைக்கு வாரத்தில் சில அரைநாள் வரும் ஒரு ஆசிரியர். இதற்குப் பெயர்தான் 'கலைக்குச் சாதி கிடையாது'.

மறுத்த தலைமுறையும் கையில் எடுத்த தலைமுறையும்

அவர்களுடைய வம்சாவளிக்குப் பக்கத்தில் நம்முடைய தலைமுறை வரிசை ஒன்று உண்டு. அது ஓவியத்தில் தொடங்கவில்லை, மறுப்பில் தொடங்கியது. காட்டுமன்னார்கோயில் பகுதியில் எல். இளையபெருமாள் காலத்துத் தலைமுறை, ஆதிக்கச் சாதிகளின் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்றது. 1965-ல் மத்திய அரசு அமைத்த தீண்டாமை பற்றிய குழுவுக்குத் தலைமை ஏற்று 1969-ல் அறிக்கை கொடுத்த அதே இளையபெருமாள்தான். அன்று பறையைக் கீழே வைத்தது கலையை அவமதித்தது ஆகாது. கட்டாயத்தின் பேரில் செய்வது கலையல்ல என்ற அறிவிப்பு அது. நம் வரலாற்றில் முதல் அழகியல் கோட்பாடு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நாம் இதைத்தான் சொல்வோம்.

1990-களில் அம்பேத்கர் நூற்றாண்டின் எழுச்சியில் வந்த தலைமுறை அதே பறையைத் திரும்ப எடுத்தது. பரட்டை என்கிற தியோபிலஸ் அப்பாவு போன்றவர்கள் பாட்டு கட்டினார்கள். தலித் கலை விழாக்களில் பெண்கள் பறையைத் தோளில் மாட்டினார்கள். ராஜ் கௌதமன் தலித் பண்பாடு பற்றி எழுதினார். அப்பாக்கள் கீழே வைத்ததைப் பிள்ளைகள் எடுத்ததில் முரண்பாடு இல்லை. இரண்டு முறையும் முடிவு செய்தது நாம். அதுதான் வித்தியாசம்.

ஓவியத்திலும் இதுவே நடந்தது. நாக்பூரில் பிறந்த சவி சவார்க்கர், கழுத்தில் கலயமும் பின்னால் துடைப்பமுமாக நடக்கவைக்கப்பட்ட தீண்டப்படாதவரின் உருவத்தைத் தன் ஓவியங்களின் மையத்துக்குக் கொண்டுவந்தார். பீகாரின் மதுபனி ஓவியத்தைப் பிராமணப் பெண்களும் காயஸ்தப் பெண்களும் தங்கள் பாணி என்று வைத்திருந்தபோது, 1970-களில் துசாத் பெண்கள் தங்கள் உடம்பில் குத்தியிருந்த பச்சைக்குத்துக் கோலங்களைக் காகிதத்துக்கு மாற்றினார்கள். ராமனுக்கும் சீதைக்கும் பக்கத்தில் தங்கள் வீரன் ராஜா சல்ஹேசைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 2011-ல் பர்தான் கோண்டு ஓவியர்கள் துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் 'பீமாயணம்' என்று அம்பேத்கரின் வாழ்க்கையை வரைந்தார்கள்.

தமிழ்நாட்டில் எம். பழனிக்குமார் ஒளிப்பதிவு செய்து, திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' 2017-ல் வந்தது. மலக்குழிச் சாவுகளைத் தொடர்ந்து படமெடுத்து வரும் பழனிக்குமார் அதோடு நிற்காமல் உழைக்கும் வீட்டுப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுக்கிறார். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் தன் சொந்த வீட்டையும் குடும்பத்தையும் ஊரையும் படமெடுக்கிறார். திருவண்ணாமலையைச் சேர்ந்த ஓஷீன் சிவா, தலித்துகளின் எதிர்காலம் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பெரிய பெரிய சுவர்களில் வரைகிறார். நீலம் பண்பாட்டு மையம் தலித் வரலாற்று மாதத்தில் கலைத் திருவிழா நடத்துகிறது.

'தலித் கலைஞர் என்று முத்திரை குத்துவது கலைஞரைச் சுருக்காதா' என்று இங்கே ஒரு கரிசனக் குரல் வரும். நம் இளம் தோழர்கள் சிலரே இதைக் கேட்டுத் தயங்குகிறார்கள். நாம் திருப்பிக் கேட்போம். சோழர் பெயரை வைத்துக்கொண்டது அந்த ஓவியர்களைச் சுருக்கியதா? வங்காளப் பாணி என்ற பெயர் யாரையாவது சுருக்கியதா? தாந்திரிக ஓவியர் என்றால் ஆழம், தலித் ஓவியர் என்றால் குறுகல். பெயரில் குறுகல் இல்லை, கேட்பவர் காதில் இருக்கிறது. இந்தப் பெயர் வேண்டாம் என்று ஒரு கலைஞர் முடிவு செய்தால் அது அவருடைய உரிமை. அவருக்காக மற்றவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

நீட்டிய விரல்

இப்போது நம் கட்சியின் முக்கியமான வாதத்துக்கு வருகிறோம். விடுதலைக்குப் பிறகான இந்தியாவின் மிகப்பெரிய பொதுக்கலை இயக்கம் எது? எந்த ஓவியக் குழுவும் அல்ல. அம்பேத்கர் சிலை.

நாடாளுமன்ற வளாகத்தில் பி.வி. வாக் செய்த அம்பேத்கர் சிலை 1967-ல் திறக்கப்பட்டது. ஒரு கையில் அரசமைப்புச் சட்டம், இன்னொரு கை முன்னால் நீட்டியிருக்கிறது. அதன்பின் அந்த உருவம் ஊர் ஊராக நடந்தது. அரசு ஆணையிடவில்லை. ஓவியக் காட்சிக்கூடம் காசு கொடுக்கவில்லை. கூலி வேலை செய்பவர்கள் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்து, உள்ளூர்ச் சிற்பியிடம் சொல்லி, சிமென்டில் வார்த்து, நீல வண்ணம் பூசி, தெருமுனையில் நிறுத்தினார்கள். நெய்வேலியிலிருந்து காட்டுமன்னார்கோயில் வரை பேருந்தில் போகும்போது சன்னலோரம் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். வேறு எந்த நவீனச் சிற்பியின் படைப்பு இத்தனை தெருக்களில் இருக்கிறது?

'எல்லாம் ஒரே அச்சு, முகம்கூடச் சரியாக இல்லை, இதில் என்ன கலை' என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளாக அதே தூக்கிய கால், அதே திருவாசி, அதே முயலகன். அதைத் திரும்பத் திரும்பச் செய்தால் மரபு. அதே கோட்டு, அதே புத்தகம், அதே விரல். அதைத் திரும்பத் திரும்பச் செய்தால் அச்சு. இந்த அளவுகோலைச் செய்தவர்கள் யார்?

சிற்பக்கலை தெரியாத பாட்டிக்கும் அந்த நீட்டிய விரலின் பொருள் தெரியும். ஆதிக்கச் சாதிக்காரருக்கும் தெரியும். அதனால்தான் அதை உடைக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் பட்டப்பகலில் சிலையை உடைத்தார்கள், மறுநாளே அரசு புதிய சிலையை வைத்தது. உடைப்பார்கள் என்று சொல்லித்தான் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் அம்பேத்கரைக் கம்பிக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். உடைப்பவரைப் பிடித்து உள்ளே வைக்க முடியாத அரசு, சிலையைப் பிடித்து உள்ளே வைக்கிறது. 2024-ல் நாடாளுமன்றச் சிலையையும் அதன் பழைய இடத்திலிருந்து வளாகத்தின் வேறு மூலைக்கு மாற்றினார்கள். தில்லையின் நடராசர் ஜெனீவாவரை போய் வெட்டவெளியில் ஆடுகிறார். அரசமைப்புச் சட்டம் தந்தவர் சொந்தத் தெருவில் கம்பிக்குப் பின்னால் நிற்கிறார். நவீன இந்தியக் கலையைப் பற்றிய எந்தப் பாடநூல் இந்தக் கூண்டைப் பற்றிப் பேசுகிறது? அந்தக் கூண்டும் அந்தப் படைப்பின் பகுதிதான். அதைப் பேசாத கலை வரலாறு பாதி வரலாறு.

கூப்பிய கை பிறர் வரைந்தது. நீட்டிய விரல் நாம் காசு போட்டு நிறுத்தியது. நம் கணக்கில் தலைமுறை மாற்றம் என்பது இதுதான்.

சுவருக்கு வண்ணம், வீட்டுக்கு?

ஒரு எச்சரிக்கையும் தேவை. சென்னை நகருக்குள்ளிருந்து பிடுங்கி எறியப்பட்ட மக்களைக் குடியமர்த்திய கண்ணகி நகரின் சுவர்களில் 2020-ல் ஒரு தொண்டு அறக்கட்டளையும் ஒரு பெயிண்ட் நிறுவனமும் மாநகராட்சியும் சேர்ந்து பெரிய சுவரோவியங்களை வரைந்தார்கள். நாளிதழ்கள் கொண்டாடின. ஓவியங்கள் அழகாக இருந்தன, வரைந்த கலைஞர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வந்தார்கள். ஆனால் வேலை இருந்த இடத்திலிருந்து பல மைல் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, சுவருக்கு வண்ணம் அடித்தால் அது யாருக்கான கலை? நம் வீட்டுச் சுவர் பிறருக்குக் காட்சிக்கூடமாகிறது. நம் முகம் மீண்டும் கருப்பொருளாகிறது. நாளைக்குக் கடலூர் சிப்காட் பக்கத்து ஊர்ச் சுவர்களில் மீனும் கடலும் வரையலாம் என்று யாராவது திட்டத்தோடு வந்தால், காற்றையும் தண்ணீரையும் பற்றி முதலில் பேசுங்கள், பிறகு வண்ணம் கலக்கலாம் என்று சொல்லும் தைரியம் நமக்கு வேண்டும்.

என்ன செய்யலாம்?

புலம்புவதற்காக இதை எழுதவில்லை. வேலை இருக்கிறது.

முதலாவது, பெயர் சேகரிப்போம். நம் கிராமங்களின் அம்பேத்கர் சிலைகளைச் செய்தவர்கள் யார்? எந்த ஆண்டு, எவ்வளவு வசூல், யார் வார்த்தது, யார் வண்ணம் பூசியது, எத்தனை முறை உடைந்தது, எப்போது கூண்டு வந்தது? ஒரு நோட்டும் கைப்பேசியும் போதும். அதேபோல ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னால் நம் ஊர்ச் சுவர்களில் எழுதியவர்கள், பேனர் வரைந்தவர்கள். சுவரின் ஓரத்தில் தன் பெயரோடு 'ஆர்ட்ஸ்' என்று சேர்த்துச் சின்னதாகக் கையெழுத்துப் போட்டவர்கள். அவர்களில் பலர் இன்று கட்டட வேலைக்கும் வெள்ளையடிக்கவும் போகிறார்கள். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே பேசிப் பதிவு செய்ய வேண்டும். கலை வரலாறு படிக்கும் தோழர்கள் ஆய்வுத் தலைப்பு தேடி வெளியூர் போக வேண்டாம். உங்கள் தெருமுனையில் நிற்கிறது.

இரண்டாவது, கேட்போம். அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் முழுநேரப் பணியாக வேண்டும். பகுதிநேர ஆசிரியர்களின் போராட்டம் நம் போராட்டமும்தான். கடலூர் மாவட்டத்துக்கு ஒரு அரசு கவின் கலைக் கல்லூரி, விடுதியோடு. இதைத் தேர்தல் காலத்தில் ஓட்டுக் கேட்டு வருபவர்களிடம் மட்டுமல்ல, நம் சொந்தத் தலைவர்களிடமும் கேட்போம்.

மூன்றாவது, வகுப்பறையில் வாய் திறப்போம். தலைமுறைப் பட்டியலை ஆசிரியர் எழுதிப் போடும்போது, 'ஐயா, இந்தப் பட்டியலில் சிலை வடித்தவர், சுவரில் எழுதியவர், பச்சை குத்தியவர் எங்கே' என்று ஒருவர் எழுந்து கேட்டால் போதும். பதில் சொல்ல அவர் படிக்க வேண்டி வரும்.

கடைசியாக, வரையும் தோழர்களுக்கு. ஓவியத்தின் கீழே பெயரை எழுதுங்கள். முழுப் பெயரை, தெளிவாக, ஊர்ப் பெயரோடு எழுதுங்கள்.

ஜெய்பீம்.